எடை குறைந்த துப்பாக்கியும் நடுவில் நானும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்கப்புறம் பேனா பிடித்தது கையெழுத்துப் போடவும் மளிகைச் சாமான் எழுதவும்தான். எழுத உட்கார்ந்தால் பாதியில் எதற்கு உட்கார்ந்தோம் என்பது மறந்துவிடுகிறது. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். காகிதத்திடம் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

விஷயம் துப்பாக்கி. சிரிக்க வேண்டாம். ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் லிஃப்ட் இல்லாத அடுக்கு வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிற கிழவி நான். முழங்கால் வலியில் மாதத்துக்கு நாலு தரம் கீழே இறங்கினால் அதிகம். எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நானே பலதரம் கேட்டுக்கொண்டேன். ஆனால் இந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மாதம் எங்கள் வீட்டில் துப்பாக்கிப் பேச்சுத்தான். அந்தப் பேச்சு முழுக்க என் வாய் வழியாகத்தான் போய் வந்தது.

அது ஏன் என் வாய் வழியாக என்று சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். வடக்கே பனிமலையில் எல்லாம் காவல் நின்றவர். வந்த பிறகு இங்கே டிஃபென்ஸ் ஃபாக்டரியில் வாசல் காவலுக்குச் சேர்ந்தார். குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரே மகன். அவனையும் பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடிவாதம். ஆள் எடுக்கிற இடத்துக்கு இவரே கூட்டிக்கொண்டு போனார். ஓட்டம், உயரம், மார்பளவு, எல்லாவற்றிலும் தேறிவிட்டான். குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடாக இனிப்புக் கொடுத்தோம். பயிற்சிக்குப் போகிற அன்றைக்கு ஆவடி ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார். சென்ட்ரல் போய் அங்கே பெரிய ரயில் பிடிக்க வேண்டும். இவன் அம்பத்தூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறித் திரும்பி வந்துவிட்டான். இவர் வீடு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பெட்டியோடு வாசலில் நிற்கிறான்.

"என்னால துப்பாக்கி தூக்க முடியாதும்மா" என்றான். என்னிடம்தான் சொன்னான்.

இவர் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லு, நான் வெளியே போறேன்னு" என்றார். அவன் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

அன்றைக்குத் தொடங்கியது. "அப்பாகிட்ட சொல்லும்மா, ஃபீஸ் கட்டணும்னு." "அவன்கிட்ட சொல்லு, மேஜை மேல வச்சிருக்கேன்னு." மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும். ஆனாலும் நான் திரும்பச் சொன்ன பிறகுதான் பதில் வரும். இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. குவார்ட்டர்ஸில் மூன்று நாலு வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இப்படி ஒரு அம்மா உண்டு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாங்கள் அதைப் பேசிச் சிரித்துக்கொள்வோம். அவன் கம்ப்யூட்டர் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, அமெரிக்காவில் கொலராடோ என்கிற மலைப்பக்கத்துக்குக் குடிபோனான். இவர் ரிட்டயர் ஆகி நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம். பேச்சு மட்டும் என் வழியாகவே தொடர்ந்தது.

இதற்குள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. அதைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இவருக்கு ஒரு காது பட்டாளத்திலேயே போய்விட்டது. சுடுகிற பயிற்சியில் காதில் பஞ்சு வைத்தால் மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம், வைக்க மாட்டார்களாம். இன்னொரு காது ரிட்டயர் ஆன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் அதுவும் நின்றுபோனது. காது மெஷின் வாங்கினோம். உள்ளே கீய்ங் என்று கத்துகிறது என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார். நான் எதிரில் நின்று உதட்டை நன்றாகத் திறந்து மெதுவாகப் பேசினால் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். என் வாயை மட்டும்தான். கீழ் வீட்டு ஆட்டோக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"அவனுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "செவிட்டுக் கிழவன்னு பரிதாபப்பட்டுப் பேசுவான். அதுக்குப் பேசாமலே இருந்துட்டுப் போறேன்."

அதனால் மகன் வீடியோவில் கூப்பிடும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவன் பேசுவது இவருக்கு விழாது. ஃபோனின் சின்னக் கண்ணாடியில், தாடிக்குள் அசைகிற உதட்டை இவரால் படிக்கவும் முடியாது. நான் இவர் பக்கம் திரும்பி மறுபடி சொல்வேன். அவனோ, அப்பா இன்னும் அந்த ரயில் கோபத்தை விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். லீவில் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தான். "இன்னுமாம்மா?" என்று சமையலறையில் வந்து கேட்டுவிட்டுப் போனான். நான் என்ன சொல்வேன்? சொன்னால் இவருக்குச் செய்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால் அவன் மனசு நோகும். உரலில் தலை மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தேன், இத்தனை வருஷம்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் கூப்பிட்டான். நமக்குக் காலை என்றால் அவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

"அம்மா, நான் ஒரு துப்பாக்கி வாங்கப் போறேன்."

நான் தோசைக் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

"பயப்படாத. இங்க மலையில எல்க்னு ஒரு மான் இருக்கு. மானுன்னா நம்ம கிண்டி மான் இல்ல, எருமை அளவுக்கு இருக்கும். முந்நூறு கிலோவுக்கு மேல. அரசாங்கமே சீட்டுக் குலுக்கிப் பேர் எடுக்கும். பேர் விழுந்தவங்கதான் சுடலாம். ஆபீஸ்ல கூட இருக்கறவங்களோட எனக்கும் விழுந்திருக்கு."

"சுட்டு?"

"சாப்பிடத்தான். ஃப்ரீசர்ல வச்சா ஒரு வருஷத்துக்கு வரும்."

"ஒரு எருமைக் கறியை எந்த மகராசி அரிஞ்சு வைக்கறது?" என்றேன். பின்னால் மருமகள் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை.

"அது இருக்கட்டும். எந்தத் துப்பாக்கின்னு தெரியலம்மா. மலை ஏறணும், அதனால எடை கம்மியா இருக்கணும். மான் பெருசு, அதனால வேகமும் வேணும். கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க." தாடியைத் தடவினான். பிறகு, "அப்பாவைக் கேளும்மா. அப்பா மலையில தூக்கிட்டு நடந்தவர்தானே" என்றான்.

அப்பாவைக் கேளு என்றதும் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லச் சொல்லியிருக்கிறான், அப்பாவை ஒன்று கேட்கச் சொன்னது கிடையாது.

நான் திரும்பி இவரிடம் வாயசைத்துச் சொன்னேன். இவர் முகம் சுருங்கியது. "நாட்டுக்குத் தூக்க மாட்டேன்னு ஓடியாந்தவன், மானுக்குத் தூக்கறானாமா? போயி வில்லும் அம்பும் வாங்கச் சொல்லு."

நான் இவரையும் பார்த்தேன், ஃபோனையும் பார்த்தேன். இவர் பேசுவது அவனுக்கு நன்றாகவே கேட்கும். அவன் சிரித்துவிட்டு, "அதையும் இங்க செய்யறாங்க, அதுக்குத் தனியா சீசன் இருக்குன்னு சொல்லும்மா" என்றான். அதை நான் இவரிடம் சொன்னபோது இவர் உதட்டோரம் கொஞ்சம் இழுத்தது. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் இவர் ஷேவ் பண்ணிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஃபோன் இருக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் தினமும்தான். நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியாத வார்த்தைகளைக் காது கேட்காத ஒருத்தரிடம் வாயசைத்துச் சொல்ல வேண்டும். அவன் 'மேக்னம்' என்பான். நான் வாயைப் பிளந்து மூடி மூன்று தரம் சொன்ன பிறகு இவர், "மோகனமா?" என்பார். குழல், கட்டை, தோட்டா, மேலே மாட்டுகிற தூரக்கண்ணாடி, இதெல்லாம் இவர் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. அவன் பவுண்டில் சொல்வான், இவர் கிலோவில் கேட்பார். கணக்கு நடுவில் என் தலையில் விடியும். அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாட்களை எண்ணி முடியாது.

"த்ரீ நாட் எய்ட்னு ஒரு தோட்டா இருக்கு, அது சின்னது. மேக்னம் பெருசு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிக்கற மானைக்கூட அடிக்கலாம்" என்று அவன் சொன்னதை நான் சொன்னேன்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாத்த புதுசா கண்டுபுடிச்சான்? அவன் சொல்ற சின்னது, பட்டாளத்துல நான் தூக்கினு அலைஞ்ச செவன் சிக்ஸ் டூ தோட்டாதான், பேரு மட்டும் வேற. அது போதாதாமா அந்த எருமைக்கு? கிட்ட போயி சுடச் சொல்லு. அந்தப் பக்கம் நிக்கறத சுட்டா, யாரு இறங்கி ஏறிப் போயி எடுத்தாறது?"

இது அவனுக்கு நேராகவே கேட்டுவிட்டது. "அது நான் யோசிக்கல" என்றான். பிறகு அவசரமாக, "சொல்லும்மா அப்பாகிட்ட" என்றான்.

என் மனசில் அப்போது ஒன்றுதான். இந்தப் பேச்சு நிற்கக்கூடாது. துப்பாக்கி வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன, கடைக்காரன் இன்னும் பத்துத் துப்பாக்கி காட்டட்டும் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் மருமகள் தனியாகக் கூப்பிட்டாள். அவன் ஆபீஸில் இருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டாள் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு படம் அனுப்பியிருந்தாள். மகனின் புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு வெட்டு, ரத்தம் உறைந்திருந்தது. தோள் குழி நீலம் பாரித்திருந்தது.

"கூட வேலை செய்யறவரோட துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பாத்தாரு அத்தை. ரொம்ப எடை கம்மியாம், ரொம்பப் பெரிய தோட்டாவாம். பின்னால உதைச்சு மேல மாட்டற தூரக்கண்ணாடி வந்து நெத்தியில அடிச்சிடுச்சு. உங்ககிட்ட கேமராவைத் தள்ளி வச்சுட்டுப் பேசறாரு, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. அவன் தாடியைத்தான் எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ள துப்பாக்கி வேணாம் அத்தை. எனக்குப் பயமா இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. மாமா வேணாம்னு சொன்னாக் கேப்பாரு. நீங்கதானே நடுவுல இருக்கீங்க. மாமா வேணாம்னு சொல்லிட்டார்னு ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிடுங்களேன்."

"அவர் பேசறது அவனுக்குக் கேக்குமேம்மா."

"அப்ப மாமாகிட்ட மாத்திச் சொல்லுங்க. அவருக்கு நெத்தியில அடிபட்டுக் கண்ணு போற மாதிரி ஆயிடுச்சுன்னு சொல்லுங்க. மாமாவே வேணாம்பாரு."

அவள் எப்படி அந்த வழியைப் பிடித்தாள் என்று எனக்குத் திக்கென்றது. இவருக்குக் காது கேட்காது என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்வதை வைத்துத்தான் மாமா முடிவு எடுக்கிறார் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. "பாக்கறேன்மா" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண் நல்ல பெண். அவள் கேட்டது நியாயம். ஆனால் நான் அப்படிச் சொன்னால் இவர் கோபத்தில் கத்துவார், அவன் முகத்தைத் தூக்கிக்கொள்வான், மறுநாள் வெள்ளைச் சட்டை கிடையாது. சொல்லாமல் இருந்தால் என் பிள்ளை அந்த நெற்றியோடு மலை ஏறுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. இவர் தயிரை ஊற்றிக் கலந்து சாப்பிட்டு முடித்தார்.

அந்த வாரம் இவர் சேக்காடு போய் இரும்புக் கடையில் இரண்டு துண்டு குழாய் வாங்கி வந்தார். எதற்கு என்றேன். "தூக்கிப் பாக்கத்தான்" என்றார். இரண்டிலும் மணல் பாக்கெட்டைக் கட்டி, கட்டைக்குப் பதில் பழைய கிரிக்கெட் மட்டையை ஒடித்து ஒட்டி, தோளில் மாட்டப் பெல்ட்டு வைத்து, கீழே மளிகைக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒன்று மூன்று கிலோவுக்குள் வர வேண்டும். இன்னொன்று நாலரை. கடைக்காரர் மணலை அள்ளி அள்ளிப் போட்டு இவரோடு சேர்ந்து எடை சரிபார்த்தாராம்.

பிறகு மாடிப்படி. முதலில் பாரமானதை மாட்டிக்கொண்டு தரையில் இருந்து மொட்டை மாடி வரைக்கும் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். அடுத்து லேசானது. ஆவடியில் மலைக்கு எங்கே போவது? நான் எங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு தரமும் முகத்தைப் பார்த்தேன். எழுபது தாண்டின மனுஷன், வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கீழ் வீட்டு ஆட்டோக்காரர் படியில் நின்று, "இன்னா மிலிட்டரி, பைப்ப தூக்கினு எங்க கெளம்பிட்ட? மோட்டார் ரூம்ல எதுனா அட்டாக்கா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் வாயசைத்துச் சொன்னேன்.

"மானு சுடப் போறேன்னு சொல்லு" என்றார்.

"மானா? நம்ம ஏரியாவுல நாயி தான் நைனா கீது. அத சுட்டா உள்ள தூக்கி வச்சிருவான்." அவர் மனைவி உள்ளே இருந்து, "யோவ், பெரியவரப் போயி கலாய்ச்சினு கீற, வழிய உடு" என்று சத்தம் போட்டாள். பிறகு என்னிடம் வந்து, "யம்மா, அவருக்கு ஒண்ணும் இல்லியே?" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டி மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வது. "பையனுக்காக" என்றேன். அது அவளுக்கு என்ன புரிந்ததோ, சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மேலே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினவர் சொன்னார்: "எடை கம்மிதான் சரி. நாளெல்லாம் தூக்கினு நடக்கணும், அவன் சொல்றது நியாயம். ஆனா லேசான துப்பாக்கியில பெரிய தோட்டா போடக்கூடாது. அம்மாம் உதையும் தோள்லதான் இறங்கும். லேசான துப்பாக்கி, சின்ன தோட்டா. நாளைக்கு அவன்கிட்ட சொல்லு."

அந்த நெற்றிப் படத்தை நான் இவருக்குக் காட்டவே இல்லை. காட்டாமலே இவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது. மருமகள் கேட்டது கிடைக்காவிட்டாலும், நெற்றியாவது தப்பும் என்று நினைத்தேன்.

மறுநாள் சொன்னேன். அவன் விடவில்லை.

"அம்மா, ரெண்டும் ஒண்ணா கிடைக்க வழி இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லு. லேசான துப்பாக்கியிலயே மேக்னம் போடலாம். குழல் முனையில ஓட்டை ஓட்டையா ஒரு மூடி மாட்டிட்டா, சுடறப்ப வர புகையெல்லாம் பக்கவாட்டுல போயிடும். உதை பாதிக்குப் பாதி குறைஞ்சிடும்."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதுதான். சத்தம் மட்டும் ரொம்ப ஜாஸ்தி. மலையில யாரு இருக்காங்க கேக்கறதுக்கு?"

நான் இவர் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூடி என்றேன், கையால் காட்டினேன். உதை குறையும் என்றேன். இவர் தலையாட்டினார். சத்தம் ஜாஸ்தி என்றேன். "இன்னா?" என்றார். "சத்தம்" என்று மறுபடி சொன்னேன். "எவ்ளோ?" என்றார். அவனைக் கேட்டுச் சொன்னேன், சாதாரணமா வர்றதைவிட ரொம்ப அதிகமாம், பக்கத்தில் நிற்கிறவர்கள் தள்ளிப் போய்விடுவார்களாம். இவர் நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப்போட்டார். பிறகு கையை நீட்டினார்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஃபோனைக் கேட்கிறார். நான் பார்த்து ஒருநாளும் அதைத் தொட்டது கிடையாது.

வாங்கி, பழைய ஃபோன் மாதிரி காதில் வைத்துக்கொண்டார். அதுவும் பட்டாளத்திலேயே போன காதில்.

"அம்மா, அப்பா காது மட்டும்தான் தெரியுது" என்று அவன் உள்ளே இருந்து சொல்வது எனக்குக் கேட்டது.

"டேய்" என்றார் இவர்.

அந்த 'டேய்' எங்கள் வீட்டில் ஒலித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்.

"டேய், அத மாட்டாத. காது போயிடும். எனக்குப் போயிடுச்சு. ரெண்டும் போயிடுச்சு. நீ பேசறது ஒண்ணுகூட எனக்கு விழல. இப்ப இல்ல, ரொம்ப வருஷமா விழல. உங்கம்மா வாயப் பாத்துதான் நீ இன்னா சொல்றன்னு தெரிஞ்சிக்கறேன். புருவம் கிழிஞ்சா தெச்சிக்கலாம், தோளு வீங்குனா வடிஞ்சிடும். காது வராதுடா. பொண்டாட்டி கூப்புட்டாலும் கேக்காது. போட வேணாம் அது."

சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார். "சொல்லிட்டேன். இன்னா சொல்றான் பாரு." எனக்கு இன்னொன்றும் உறைத்தது. புருவம் என்றாரே? படத்தை இவர் எப்போதோ என் ஃபோனில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் குழாய் வாங்கப் போயிருக்கிறார்.

ஃபோனில் மகன் அசையாமல் இருந்தான். படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்தான்.

"எப்பலேந்தும்மா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். "அவரையே கேளுடா" என்றேன்.

"எப்படிம்மா கேக்கறது? அவருக்குத்தான்..."

பின்னால் மருமகள் நின்றிருந்தாள். உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் சாமான் எழுத ஒட்டி வைத்திருக்கிற வெள்ளைப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள். அதில் இருந்த முட்டை, பால் எல்லாவற்றையும் உள்ளங்கையால் அழித்துக்கொடுத்தாள். அவன் எழுதினான். தமிழ் எழுதி எத்தனை நாள் ஆயிற்றோ, எழுத்து ஒன்று மேலே போனது, ஒன்று கீழே வந்தது. தூக்கிக் காட்டினான்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். பிள்ளைகள் வாசிப்பது மாதிரி சத்தமாக வாசித்தார். "ஏ... ன்... பா... சொல்... ல... ல."

நான் ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தினேன். சமையலறைக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. வெங்காயத்தை எடுத்து உரித்துக்கொண்டு நின்றேன். இவர் பேசுவது மட்டும் கேட்டது. அவன் எழுதுகிற நேரத்தில் வீடு அமைதியாகிவிடும். பிறகு இவர் வாசிப்பார், பிறகு பேசுவார். நடுவில் ஒருதரம், "ரயிலா? அத வுடுடா" என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றி.

அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும். இவர் மரக்கட்டை வைத்ததுதான் வேண்டும் என்பார். அவன், "அது கனம்ப்பா, இப்ப கார்பன்தான்" என்று எழுதுவான். "பிளாஸ்டிக்கப் போயி துப்பாக்கின்றான்" என்று இவர் அடுக்களை வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டுவார். கடைசியில் லேசான துப்பாக்கி, கார்பன் கட்டை, த்ரீ நாட் எய்ட் தோட்டா, தோளில் படுகிற இடத்தில் தடியான ரப்பர் என்று முடிவானது. முனையில் மூடி கிடையாது. சுடும்போது இரண்டு காதையும் மூடுகிற மாதிரி ஒன்று மாட்டிக்கொள்ள வேண்டும் என்று இவர் வாக்கு வாங்கிக்கொண்டார். மூச்சு இரைக்கும்போது சுடக்கூடாது, உட்கார்ந்து மூச்சு அடங்கின பிறகுதான் என்பதையும் தினம் ஒருதரம் சொன்னார். இதில் எதையும் யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

மருமகள் ஒருதரம் கூப்பிட்டாள். "வாங்கிட்டாரு அத்தை. பூட்டி வைக்கற பெட்டியும் வாங்கிட்டாரு" என்றாள். "சரிம்மா" என்றேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, "சரி விடுங்க" என்று வைத்துவிட்டாள். அந்தப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அதனால்தான் அவள் கோபம் எனக்கு அதிகமாக உறைக்கிறது. நான் சொல்லாமல் இருந்தது அவளுக்கு எதிராக இல்லை என்று அவளிடம் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எனக்கு ஃபோனில் பேச வராது.

இப்போது அவன் மலையில் இருக்கிறான். மேலே போனால் டவர் கிடைக்காதாம். கீழே இறங்கினதும் கூப்பிடுகிறேன் என்று எழுதிக் காட்டிவிட்டுப் போனான். அங்கே பனி விழுகிறதாம். இங்கே விடாமல் மழை, படிக்கட்டில் சாரல் அடித்துத் தரை வழுக்குகிறது. இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "ஃபோன் அடிச்சுதா?" என்று என்னைக் கேட்கிறார். அடித்தால் இவருக்குக் கேட்காது. ஃபோனை அதிர்கிற மாதிரி வைத்துத் தந்தாலும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டி ஃபோனைக் காட்டிக் கேட்கிறார். கறிவேப்பிலை தீர்ந்துபோய் மூன்று வேளையாகத் தாளிப்பில் அது இல்லை. கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் வாசலுக்குப் போகிற நேரத்தில் அடித்துவிட்டால்? பேசுவதற்கு அவர்களுக்கு நான் வேண்டாம், அது போதும் எனக்கு. அடிப்பதைக் கேட்பதற்கு நான்தான் வேண்டியிருக்கிறது. அதனால் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மான் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, இறங்கி வந்துவிட்டால் போதும்.

துப்பாக்கி விவரம் எல்லாம் காதில் விழுந்ததை வைத்து எழுதியது. மூன்று கிலோ என்பது தூரக்கண்ணாடி மாட்டின பிறகா, மாட்டுவதற்கு முன்னாலா என்று எனக்கு நிச்சயமில்லை. இவர் தூக்கிய தோட்டாவும் அவன் வாங்கினதும் ஒன்றுதான் என்று இவர் சொன்னதும் சரிதானா, தெரியாது. அந்த மூடிக்கு என்ன பேர் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரிடமும் கேட்கலாம்தான், ஆனால் கேட்டால் மறுபடி சண்டை பிடிப்பார்கள்.